தாளாளர் அறையின் பச்சைப் பீரோ

மன்னித்துவிடு என்று என்னிடம் சொல்லாத ஆளே இல்லை. வீட்டுக்காரர் சொன்னார். என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பயந்த டாக்டர் சொன்னார். சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டு அம்மாகூட வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்துச் சொன்னார். நான் மன்னிக்க மாட்டேன். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டால்தானே மன்னிக்கிற பேச்சு? அந்த மனிதர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில், ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் பல வருடம் வேதியியல் நடத்தினேன். கல்லூரியின் தாளாளருக்குத் தீப்பெட்டித் தொழில். எங்கள் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். அந்த ஆபீஸில் சம்பாதித்துத்தான் கல்லூரி கட்டினார். கட்டியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அதில்தான் சாப்பிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.ஃபில். பட்டம் வரை எல்லாம். தாளாளரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பச்சைப் பீரோ உண்டு. அதில் வைத்துப் பூட்டிச் சாவியை அவரே இடுப்பில் செருகிக்கொள்வார். வருடத்தின் நடுவில் நாங்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓடிவிடக் கூடாதாம். இப்படி வாங்கி வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் கொடுக்காதவருக்கு வேலை இல்லை. அக்கம்பக்கத்தில் பல இடங்களில் அதுதான் வழக்கம் என்பதால், பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனோம்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் எங்களுக்கு இன்னொரு வேலை தொடங்கும். அதற்குப் பெயர் கேன்வாஸிங். கல்லூரி வேனில் எங்களை ஏற்றி ஊர் ஊராக இறக்கிவிடுவார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போய், அப்பா அம்மாவிடம் பேசி, எங்கள் கல்லூரியில் சேர்க்க வைக்க வேண்டும். பி.எச்டி. முடித்தவரும் போக வேண்டும். ஆள் கொண்டுவராத ஆசிரியருக்கு அடுத்த வருடம் வேலை நிச்சயமில்லை. ஓட்டப்பிடாரத்திலிருந்து எப்போதும்வென்றான் என்கிற ஊர் வரை என் பொறுப்பு. அக்னி நட்சத்திர வெயிலில் குடையும் கையுமாக அலைவேன். நாய் துரத்தியிருக்கிறது. சீட்டுக் கம்பெனி ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

பேச்சில் நான் கெட்டிக்காரி, பொய் சொல்வானேன். எல்லா வீட்டிலும் கடைசியில் ஒன்று சொல்வேன். "தீப்பெட்டி ஆபீஸ் மூடிப்போவலாம். மழை ஏமாத்தலாம். உளுந்து பூவோட கருகிப்போவலாம். படிச்ச படிப்பை மட்டும் எவனும் பிடுங்கிப் பூட்டி வைக்க முடியாது, பாத்துக்கிடுங்க." இதைச் சொன்னதும் அம்மாமார் முகம் இளகும். அப்பாமார் பீடியை அணைப்பார்கள். பாதி சேர்க்கை அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு காலம் கெட்டது. பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டியைத் தின்றது. ஆபீஸ்கள் வாரத்தில் பாதி நாள்தான் ஓடின. ஆர்டர் இல்லை என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. அப்பாவுக்கு வேலை குறைந்த வீட்டில் முதலில் நிற்பது மகளின் படிப்புதானே. புதியம்புத்தூர் தையல் கம்பெனி வேன்கள் காலையில் ஊருக்குள் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. எங்கள் வேனும் அவர்கள் வேனும் ஒரே வேப்பமரத்தடியில் நிற்கும். அவர்கள் சம்பளம் கொடுக்க வந்தவர்கள், நாங்கள் ஃபீஸ் வாங்க வந்தவர்கள். யார் பக்கம் கூட்டம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருடம் எப்போதும்வென்றானில் ஒரு வீடு. அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், மற்ற நாளில் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுகிற வேலை. ஒரே மகள். வேதியியலில் நல்ல மார்க்.

"டீச்சர், புதியம்புத்தூர் வேன்காரன் வாராவாரம் கையில சம்பளம் தாரேங்கான். நீங்க எங்கிட்ட ஃபீஸ் கேக்கீங்க. இருக்கிற நெலமைக்கு நான் யாரை நம்ப?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டாள். "டீச்சர், தீக்குச்சி மருந்து ஒரசுனாத்தான பிடிக்கி? சும்மா இருக்கையில ஏன் பிடிக்க மாட்டேங்கு?"

"அதைத்தான்ட்டி நான் காலேஜ்ல நடத்துதேன்" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். "நானும் வெவரம் தெரிஞ்ச நாள்லயிருந்து அதைத்தான் கட்டுதேன், ஒரு நாளும் கேக்கத் தோணலையே" என்றார். நான் என் கடைசிப் பேச்சையும் சொன்னேன். பூட்டி வைக்க முடியாது என்றேன். மறுவாரமே மனைவியின் கம்மலை அடகு வைத்துப் பணம் புரட்டி மகளை வேதியியலில் சேர்த்தார். அவளுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டி.சி.யும் அதே பச்சைப் பீரோவுக்குள் போயின. பிள்ளைகளுடையதையும் அங்கேதான் வைப்பார்கள்.

சேர்க்கை முடிந்தது. எல்லோரும் ஃபீஸ் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான், ஜூனில், தாளாளர் எங்கள் துறையைக் கூப்பிட்டார். டீ வந்தது, காராச்சேவு வந்தது. எங்களுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். அந்த அறையில் சும்மா காராச்சேவு வராது.

"நாடே மந்தமா கெடக்கு. கெமிஸ்ட்ரிக்கு லேப் செலவு கட்டுப்படியாகலை. இந்த வருசம் புதுசா எடுக்கலை. பழைய பிள்ளைகளுக்கு ஒரு ஆள் போதும். மத்தவிய திங்கக்கிழமையில இருந்து வர வேண்டாம்" என்றார்.

"புதுசா எடுக்கலையா? நான் கொண்டாந்து விட்ட பிள்ளைகளை என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன்.

"அவியள பி.காம்.ல போட்டாச்சு."

வேண்டாத சட்டியைப் பரணில் மாற்றி வைத்ததுபோலச் சொன்னார். தீக்குச்சி மருந்தில் காசு பார்த்த மனிதர் வேதியியலை மூடுகிறார். என்ன கொழுப்பு! மந்தம் எங்களுக்கு மட்டும்தான் வந்திருந்தது. அவர் வாசலில் புதுக் கார் நின்றது. வெளியே வரும்போது கல்லூரி மேலாளர் எங்கள் கையில் ஆளுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் கொடுத்தார். தாளாளர் கொடுக்கச் சொன்னாராம், அன்பளிப்பாம். பஸ்ஸில் அந்தப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கோவில்பட்டிக்காரி, பிறந்ததிலிருந்து கடலைமிட்டாய் தின்று வளர்ந்தவள். அதைத் தொட முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

வேலை போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். சர்டிபிகேட்டைக் கேட்டேன் பாருங்கள், அங்கேதான் எரிச்சல் தொடங்கியது. "இன்ஸ்பெக்‌ஷன் வரும், அதுவரைக்கும் ஒங்க பேரு மட்டும் இருக்கட்டும்" என்றார் தாளாளர். ஆள் வேண்டாம், பெயர் வேண்டும். வருகிறவர்களிடம் காட்ட என் எம்.எஸ்ஸி. வேண்டும், எனக்குச் சம்பளம் வேண்டாம். இன்று போ நாளை வா என்று அலைய விட்டார்கள். அந்த ஆவணியில் சாத்தூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. பாடம் நடத்திக் காட்டினேன், தலைமையாசிரியைக்குப் பிடித்துப்போனது. ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்டிவிட்டுச் சேரச் சொன்னார். நான் தாளாளர் முன்னால் போய் நின்றேன். காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

"அவசரப்படாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பள்ளி எத்தனை நாள் காத்திருக்கும்? வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். அழுத கண்ணோடு சபதம் போட்டேன் என்றால் சினிமா மாதிரி இருக்கும். சபதமெல்லாம் இல்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். வக்கீலைப் பார்த்தேன். கேஸ் நிற்கும், ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். வீட்டுக்காரர் விட்டுத் தள்ளு என்றார். எதை விட்டுத் தள்ள? ராத்திரி பகல் பாராமல் படித்து வாங்கியது அவர் பீரோவில் இருக்கிறது. டியூஷன் எடுத்துக் காலத்தை ஓட்டினேன்.

தை மாதக் கடைசியில் எப்போதும்வென்றான் அப்பாவைக் கோவில்பட்டிச் சந்தையில் பார்த்தேன். உளுந்துச் சாக்கோடு விற்க வந்திருந்தார். ஒளிந்துகொள்ளலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவரே வந்துவிட்டார்.

"பிள்ளை பி.காம்.ல உக்காந்திருக்கா டீச்சர். கேட்டா மொகத்தைத் தூக்கி வச்சிக்கிடுதா. மாத்திரலாம்னு பாத்தா சர்டிபிகேட்டைத் தர மாட்டேங்காவ" என்றார்.

"எனக்கே தரலை அண்ணாச்சி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். சாக்கைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"படிப்பைப் பூட்டி வைக்க முடியாதுன்னு எங்க வீட்ல வந்து சொன்னீங்கள்லா? அப்பொ ஒங்க படிப்பு எங்கன இருக்கு?"

"அவிய பீரோவுல."

"அடகுக்கடைக்காரன்கூட ரசீது தருவான் டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. சமைத்தால் அது, துணி துவைத்தால் அது. கடைசியில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த கேன்வாஸிங் காலம் வந்தது. கல்லூரி வேன் எந்த ஊருக்கு எப்போது போகும் என்று எனக்குத் தெரியும். அந்த வரிசையைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். ஸ்கூட்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, வேனுக்கு ஒரு நாள் முன்னால் போனேன். அதே குடை, அதே வீடுகள், அதே பேச்சு. பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்றுதான் சொன்னேன். தையல் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஒரு வீட்டில்கூடச் சொல்லவில்லை. படிப்பின்மேல் எனக்கு என்ன கோபம்? முதலில் அரசு கல்லூரிக்குப் போடுங்கள், இடம் கிடைக்காவிட்டால் மற்றதைப் பாருங்கள் என்றேன். கிளம்பும்போது இதையும் சொல்வேன்.

"நாளைக்கு ஒரு வேன் வரும். நல்ல டீச்சருகதான், மரியாதையா உக்கார வச்சுத் தண்ணி குடுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க. 'டீச்சர், ஒங்க ஒரிஜினல் சர்டிபிகேட்டு யாருகிட்ட இருக்கு?'ன்னு கேளுங்க. அவிய எடுத்துக் காட்டுனா பிள்ளையச் சேருங்க."

ஓர் ஊரில் கேட்டது அடுத்த ஊருக்குத் தானாகப் போனது. கரிசல் பக்கம் ஒரு கேள்வி சூடாகக் கிடைத்தால் விடுவார்களா? வேனில் போன தமிழ்த்துறைத் தோழி எனக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, என்ன வேலைட்டி செஞ்சு வச்சிருக்க? வீட்டுக்கு வீடு கேக்காவ. ஒரு அம்மா மோரு குடுத்துட்டு, 'ஒங்க படிப்பையே காப்பாத்த முடியலை, எம் மகளுக்கு என்னத்தத் தரப்போறிய?'ன்னு கேட்டுட்டா. நான் மோரு டம்ளரைக் கீழ வச்சுட்டேன்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? குனிஞ்சுக்கிட்டு வந்தேன்." பிறகு அவளே, "நல்லாத்தான் கேட்டா" என்றாள்.

சேர்க்கை விழுந்தது. தாளாளர் கத்தினாராம். ஆசிரியர்கள் ஒரே குரலில், கையில் காட்ட ஒரிஜினல் இல்லாமல் இனி ஊருக்குள் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் அந்த மனிதர் ஒரு தப்பைச் செய்தார். சேர்க்கையில் இருந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. "அம்புட்டுத்தானே? கொண்டுபோய்க் காட்டிட்டு சாயங்காலம் கொண்டாந்து வச்சிருங்க" என்று பச்சைப் பீரோவைத் திறந்து, வேன் ஏறும்போது அவரவர் ஃபைலை அவரவர் கையில் கொடுத்தார்.

முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் பயந்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் ஓட்டப்பிடாரத்தில் வேன் டீக்கு நின்றது. டீ குடிக்க இறங்கிய ஆங்கில ஆசிரியர் எதிரே வந்த தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டார், ஃபைலோடு. டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தாராம். அதற்கடுத்த நாள் கணக்கு டீச்சருக்குத் தலைவலி வந்தது, வீட்டுக்குப் போய் ஃபைலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவர் எழுந்து வரவில்லை. பள்ளிகள் ஆள் எடுக்கிற மே மாதம் அது. என் தோழி கடைசி ஆளாகப் போனாள். வார முடிவில் வேனில் டிரைவரும் மேலாளரும் மட்டும் போனார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, வயிற்றில் ஒரு வருடமாகக் கிடந்த நெருப்பு அத்தனையும் சிரிப்பாக வந்தது. வீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அங்கன ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளுக்கு யாரு பாடம் நடத்துவா?" என்று அவர் கேட்டார். தாளாளர் புது ஆட்களை எடுப்பார் என்றேன். எடுக்கத்தான் செய்தார், ஆனால் அப்போது அது எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் மறுநாளும் ஸ்கூட்டியை எடுத்தேன்.

பிறகு தாளாளரே போன் செய்தார். வந்து என் ஃபைலை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த அறையில் பச்சைப் பீரோ திறந்தே கிடந்தது. ஆசிரியர்களின் தட்டு காலி. என் ஃபைல் மட்டும் ஓரமாகச் சாய்ந்திருந்தது.

"எடுத்துக்கிடுங்க. இனிமே ஊர் ஊராப் போவாதீங்க" என்றார். நான் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தேன். அவர் பொறுமை இல்லாமல் மேசையைத் தட்டினார்.

"ஒங்களுக்கு நான் அப்படி என்னம்மா கெடுதல் பண்ணிட்டேன்? நானும் நட்டத்துலதான் ஓட்டுதேன்."

"நட்டம்னு சொல்லி வேலைய எடுத்தீங்க. சரி, அது ஒங்க காலேஜ். எம் படிப்பை எதுக்கு எடுத்தீங்க? அது நீங்க போட்ட சம்பளமா?"

நான் ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டு, போகாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எப்போதும்வென்றான் பிள்ளையோட மார்க் ஷீட்டும் டி.சி.யும் வேணும்."

"அதுக்கு மீதி வருசத்து ஃபீஸக் கட்டணும்."

"சரி. நாளைக்கு விளாத்திகுளம் பக்கம் போவலாம்னு இருக்கேன். அங்கன இன்னும் யாரும் கேள்வி கேக்கலை" என்றேன்.

என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அன்று பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை. மேலாளரைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னார். வாங்கிச் சரிபார்த்தேன். பிறகு பையிலிருந்த கடலைமிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். "அன்பளிப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். போக மாட்டேன் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் விளாத்திகுளம் பக்கமும் போனேன்.

மனசு ஆறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. சாத்தூர் வேலை போனது போனதுதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போனது போனதுதான்.

ஃபைல் வாங்கிய அன்று சாயங்காலமே எப்போதும்வென்றானுக்குப் போய் அவள் தாள்களை அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் கொண்டுபோய்த் தன் மார்க்கையே புதிதாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"கவர்மெண்ட் காலேஜ்லயும் ஒரிஜினல் கேப்பாவளே டீச்சர்?"

"கேப்பாவ. டி.சி.யக் குடு. மார்க் ஷீட்டைக் காட்டு. பாத்து முடிச்சதும் கையை நீட்டி வாங்கு. வாங்காம அந்த எடத்தை விட்டு எந்திரிச்சு வராதட்டி."

அவள் அப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார்.

"அந்தக் கவர்மெண்ட் காலேஜ் டீச்சருக சர்டிபிகேட்டு யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டார்.

"அவிய அவிய வீட்ல, அண்ணாச்சி."

"அப்பொ சேக்கலாம்" என்றார்.